நோட்டில் எழுதாத தேதிகள்

மகளுக்கு முதல் தடவை வலிப்பு வந்த அன்று அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, துண்டை மடித்துத் தலைக்கடியில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் மண்டியிட்டபடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. உடம்பு அடங்கியதும் சட்டைப்பைப் பேனாவை எடுத்து அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"பெத்த பொண்ணு துடிக்கிறா, இந்த மனுஷன் மணி பாக்குறாரு" என்று மனைவி பிறகு பல பேரிடம் சொன்னாள். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர், "நேரம் பார்த்தது ரொம்ப நல்லது சார், பாதிப் பேரு பதட்டத்துல விட்டுடுவாங்க" என்றார். அந்தப் பாராட்டு அவர் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லாம் அங்கேதான் தொடங்கியது என்று இப்போது அவருக்குத் தோன்றுகிறது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. உயரமான கட்டடங்களின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மோட்டார் இருக்கும் ஒரு சின்ன அறை உண்டு. ஜனங்கள் பொத்தானை அழுத்திவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டு போய்வருகிறார்கள். தலைக்கு மேலே அப்படி ஓர் அறை இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த அறையின் சுவரில் ஆணியடித்து நூலில் ஒரு நோட்டு தொங்கும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த மாடியில் நின்றது, யார் வந்து என்ன செய்தார் என்று அதில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த போர்மேன் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். "தானா வந்து தானா போற பழுதுதான் மோசமானது, அது திரும்பி வரும்" என்பது ஒன்று. "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். ரெண்டை மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னு உன் தாத்தா வந்தாலும் சொல்ல முடியாது" என்பது இன்னொன்று.

மகளுக்கு அப்போது பதினான்கு வயது நடந்துகொண்டிருந்தது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு குறைவு. பேசினால் அது உத்தரவு மாதிரிதான் இருக்கும். வீட்டில் எந்த அலமாரிக் கதவும் விரற்கடை அளவுகூடத் திறந்திருக்கக் கூடாது. சாயங்காலம் அறை அறையாகப் போய்ச் சுவிட்ச், குழாய், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால்தான் சாப்பாடு இறங்கும். அதனால் வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். அவளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அவளிடம் ஒன்றை ஒரு தடவை சொன்னால் போதும். சொன்னது சட்டம். அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது அம்மா, "ஈரக்காலோட ஹால்ல வராதே" என்று என்றைக்கோ சொன்னாள். அன்று முதல் கால் காயும்வரை குளியலறை வாசலிலேயே நிற்பாள். நின்றால் சரி, மற்றவர்களையும் நிறுத்திவைப்பாள். ஒரு தடவை ஊரிலிருந்து வந்த தாய்மாமனைப் பத்து நிமிடம் அப்படியே நிறுத்திவிட்டாள். "ஏய் மருமகளே, பஸ்ஸுக்கு நேரமாச்சு, விடுடி" என்று அவர் கெஞ்சியும் நடக்கவில்லை. பஸ் போய்விட்டது.

முதல் வலிப்பு கழிந்து மூன்றாவது வாரம் இன்னொன்று வந்தது. அதற்கடுத்த நாளே மற்றொன்று. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "எதனால தூண்டப்படுதுன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது. இந்த மாதிரிப் பிள்ளைங்க தனக்கு என்ன செய்யுதுன்னு சொல்லாது. நீங்கதான் கவனிக்கணும்" என்றார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே வரிசையாகக் கேள்வி கேட்டார். தூக்கம் எத்தனை மணி நேரம், காய்ச்சல் இருந்ததா, டி.வி. எவ்வளவு நேரம், மலச்சிக்கல் உண்டா. அவர் எல்லாவற்றுக்கும் எண்ணிக்கையோடு பதில் சொன்னார். அதே மூச்சில் டாக்டர், "பீரியட்ஸ் எல்லாம் ஒழுங்கா வருதா?" என்றார்.

"அதெல்லாம் நார்மல் சார்."

சொன்னாரே தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. மகள் பெரியவளாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எல்லாம் மனைவியின் பொறுப்பு. அலமாரியில் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது முறையில்லை என்று நினைத்திருந்தார். வழியில் பார்ப்பவர், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்றால் சௌக்கியம் என்று சொல்வதில்லையா, அப்படிச் சொல்லிவிட்டார். மனைவி அன்று கூட வரவில்லை. அவள் ஆடை தைக்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் சுண்டிப்போகும். அதனால் ஆஸ்பத்திரிக்கு எப்போதும் அப்பாவும் மகளும்தான்.

வரும் வழியில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். மோட்டார் அறை நோட்டுக்குப் போடுகிற மாதிரியே கட்டம் போட்டார். தேதி, மணி, இடம், எவ்வளவு நேரம், அதற்கு முன் இரண்டு நாள் என்ன சாப்பிட்டாள், என்ன பார்த்தாள், என்ன கேட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினார். வேலைக்கு நடுவே போன் போட்டு, "இன்ஸ்பெக்டர் மதியம் எத்தனை பிஸ்கட் சாப்பிட்டா?" என்று பள்ளிக்கூடத்து ஆயாவைக் கேட்பார். "அண்ணே, உங்களுக்குப் பதில் சொல்றதுக்குத் தனியா ஒரு ஆள் போடணும்" என்பாள் அவள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

முதலில் டி.வி. மினுக்குகிற வெளிச்சம் ஆகாது என்று யாரோ சொன்னார்கள். மூன்று வாரம் டி.வி. இல்லை. அப்படியும் வந்தது. அடுத்து ஹாலிலும் படுக்கையறையிலும் டியூப் லைட்டை மாற்றினார். அப்புறம் வெந்நீர்க் குளியலை நிறுத்தினார். பிறகு பூங்கா ஊஞ்சலையும் நிறுத்தினார். அதில் ஒரு மணி நேரம் ஒரே வேகத்தில் ஆடுவாள். சுற்றி நிற்கும் பிள்ளைகள் வரிசையில் காத்திருந்து காத்திருந்து வெறுத்துப்போய்ச் சறுக்குமரத்துக்குப் போய்விடும்.

பிறகு பால். வலிப்புக்கு முந்தின நாள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்ததாக நோட்டில் நான்கு இடத்தில் அவரே எழுதியிருந்தார்.

"பாலை எதுக்கு நிறுத்துறீங்க? அது ஒண்ணுதான் மறுபேச்சு இல்லாம குடிக்கிறா" என்றாள் மனைவி.

"வயிறு வலிச்ச மறுநாள் வருது. நோட்டுல இருக்கு."

"நோட்டுல இருக்கட்டும். வயிறு அவகிட்டல்ல இருக்கு."

"உனக்கு எதைச் சொன்னாலும் எகத்தாளம்தான்."

"எனக்கு என்ன தெரியும். நீங்க லிஃப்டுக்கே டாக்டரு."

லிஃப்டில் ஒரு பாகத்தைக் கழற்றிப் பார்த்து, அதில் குற்றம் இல்லையென்றால் மறுபடி மாட்டிவிட வேண்டும். அதுதான் முறை. அவருக்கும் தெரியும். ஆனால் பெற்ற பிள்ளை விஷயத்தில் திருப்பி மாட்ட மனம் வரவில்லை. டி.வி. மேல் குற்றம் இல்லை என்று தெரிந்தும், இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தார். எடுத்தது எல்லாம் எடுத்ததாகவே இருந்தது. ஒவ்வொன்றை எடுக்கும்போதும் மகளைத் தன் முன்னால் உட்காரவைத்து, "இது வேண்டாம்மா, இது கெட்டது" என்று சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாம்" என்று திருப்பிச் சொல்வாள். சண்டை போடவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறார். காரணம் கிடைத்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது மட்டும்தான் அப்போது அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சமாதானம்.

கடைசியாகத்தான் லிஃப்ட்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பதினோரு மாடி ஆபீஸ் கட்டடத்துக்கு எண்ணெய் போடப் போவார். கட்டடம் காலியாக இருக்கும். எட்டு வயதிலிருந்தே மகளையும் கூட்டிப்போவது வழக்கம். பழைய லிஃப்ட், மடக்குகிற இரும்புக் கதவு. அவள் உள்சுவரில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நிற்பாள். மோட்டார் எழுப்புகிற சத்தத்துக்கு ஒத்து அதே சுருதியில் ‘ம்ம்ம்’ என்று முனகுவாள். மேலே போகப் போக அவள் குரலும் ஏறும். ஒரு தடவை ஆறாவது மாடியைத் தாண்டும்போது முனகலைச் சட்டென்று நிறுத்திவிட்டாள். மறுபடி இறங்கி ஏறினார்கள். அதே இடத்தில் மறுபடி நிறுத்தினாள். அவர் காதில் ஒன்றும் விழவில்லை. சரி பார்ப்போம் என்று மேலே ஏறிப் பார்த்தால், லிஃப்ட் பெட்டி ஏறி இறங்கும் தண்டவாளத்தில் உரசிப்போகும் ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பெரிய செலவு. அன்றைக்கு மோட்டார் அறை நோட்டில் ‘கண்டுபிடித்தவர்: இன்ஸ்பெக்டர்’ என்று எழுதினார். கம்பெனியில் யார் அந்த இன்ஸ்பெக்டர் என்று கேட்டு மெமோ வராத குறை. போர்மேன்தான், "அட விடுங்கப்பா, நம்ம ஆளுங்க எவனுக்கும் அந்தக் காது இல்ல" என்று சமாளித்தார்.

அந்த லிஃப்டில், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வலிப்பு வந்தது. இரும்புக் கதவின் இடுக்கு வழியாக மாடிக்கு மாடி வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிடம் பத்து விநாடி. குறுகின இடம், ஒருக்களிக்கவும் வழியில்லை. மடியில் போட்டுக்கொண்டு மணி பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. மினுக்குகிற வெளிச்சம். டி.வி.யில் தேடி, டியூப் லைட்டில் தேடி, கடைசியில் கள்ளன் தன் தொழிலுக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து, அவள் தூங்கி எழுந்ததும் சொன்னார்.

"லிஃப்ட் இனி வேண்டாம்மா. லிஃப்ட் கெட்டது. லிஃப்ட்ல போனா வலிப்பு வரும்."

அவள் உள்ளங்கையைச் சுவரில் பதித்துப் பார்த்தாள். பிறகு, "லிஃப்ட் வேண்டாம்" என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாகப் போனார். அவள் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று மனைவி சொன்னாள். முனகுவதுகூடக் குறைந்துவிட்டதாம். வலிப்பு மட்டும் குறையவில்லை.

பதினைந்து மாதம் ஆகியிருந்தது. நோட்டில் இருபத்துமூன்று வலிப்பு. மகளின் தலையில் கம்பி ஒட்டி மூளையின் ஓட்டத்தைப் பார்க்கும் பரிசோதனைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தார். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். நீளமான பரிசோதனை, இரண்டு பேராவது வேண்டும் என்றதால் மனைவியும் லீவு போட்டுவிட்டு வந்தாள். ஒரே ஒருவரைத்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். வழக்கம்போல நோட்டை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பரிசோதனை செய்கிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் தலையைத் தொடவிடமாட்டாள் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். அந்த அம்மா அவசரப்படவில்லை. ஒவ்வொரு கம்பியையும் முதலில் அவள் கையில் கொடுத்தாள்.

"பாருடா கண்ணு, சரியா இருக்கா? நீ சரின்னு சொன்னாத்தான் ஒட்டுவேன்."

இன்ஸ்பெக்டர் கம்பியை முனையிலிருந்து முனைவரை விரலால் தடவிப் பார்த்தாள். "சரி" என்றாள். இருபத்தொரு கம்பிக்கும் இருபத்தொரு சரி. பிறகு முகத்துக்கு நேரே ஒரு விளக்கை வேகமாக மினுக்கிக் காட்டினார்கள். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"வெளிச்சத்துக்கு ஒண்ணும் ஆகல சார்" என்றாள் அந்த அம்மா, திரையைப் பார்த்துக்கொண்டே. "டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும். ஆனா இத்தனை வருஷமா பாக்குறேன், வெளிச்சம் ஆகாத பிள்ளைன்னா கோடு எகிறிடும். இவளுக்கு அசையக்கூட இல்ல."

பரிசோதனை ஓடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

"யாரு எழுதினது? அச்சடிச்ச மாதிரி இருக்கு."

"நான்தான்மா."

அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றி இரண்டு மூன்று பக்கம் முன்னும் பின்னும் பார்த்தாள். "ரெண்டு மூணா சேர்ந்து வருது. அப்புறம் மூணு வாரம் ஒண்ணுமில்ல. மறுபடி ரெண்டு. பாப்பாவோட பீரியட்ஸ் தேதி எந்தப் பக்கத்துல இருக்கு?"

"அது... நார்மலாத்தான் வருதும்மா."

"நார்மலான்னு கேக்கல சார். தேதி கேட்டேன்."

அவர் நோட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். எத்தனை பிஸ்கட், எத்தனை மணிக்கு எந்த நிறத்து உடுப்பு என்பதுவரை இருந்தது. அது மட்டும் இல்லை.

"அவங்க அம்மாவைக் கேட்டுட்டு வாங்க. நான் பிள்ளையைப் பாத்துக்கறேன்" என்றாள் அவள். குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

வெளியே மனைவி பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பதினேழு வருடம் கூட வாழ்ந்தவளிடம் கேட்க வாய் வரவில்லை.

"என்னங்க, உள்ள என்ன சொல்றாங்க?"

"இன்ஸ்பெக்டருக்கு... அந்த மாசாமாசம் வர்ற தேதி. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் எதுக்கு? எழுதி வச்சிருக்கேன்ல." அவள் கைபேசியைத் திறந்து காட்டினாள். அலமாரிக் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருந்த காலண்டரை மாதாமாதம் போட்டோ எடுத்துவைத்திருந்தாள். ஒவ்வொரு மாதத்திலும் ஒரு தேதியில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. "அவளுக்குச் சொல்லத் தெரியாதுல்ல. பள்ளிக்கூடத்துக்கு மாத்துத் துணி வச்சு அனுப்பணுமே, அதுக்காகக் குறிச்சுக்குவேன்."

அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அவள் சொல்லச் சொல்லத் தேதிகளை எழுதினார். பதினைந்து மாதம், பதினான்கு தேதி. எழுதி முடிப்பதற்குள்ளேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. பழுது தேடிப் பழகிய கண் அது. புள்ளி வைத்த நாளுக்கு மூன்று நாள் முன்னாலிருந்து இரண்டாவது நாள்வரை, அந்தச் சின்ன இடைவெளிக்குள் பதினேழு வலிப்பு. மீதி ஆறில் இரண்டு காய்ச்சலில் வந்தது. லிஃப்டில் வந்தது, புள்ளிக்கு இரண்டு நாள் முன்னால். பாலை நிறுத்தக் காரணமான நான்கு வயிற்றுவலியும் புள்ளிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால்தான்.

ஒரே கூரையின் கீழே இரண்டு நோட்டு இருந்திருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்தது. கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

வாரை விட்டுவிட்டு அவளே சொன்னாள். "சும்மா சொல்லக் கூடாது. எனக்கும் தோணல. அந்த நாள்லயே வந்திருந்தா தோணியிருக்கும். முக்காவாசி அதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடுதா, சம்பந்தமில்லன்னு விட்டுட்டேன். அப்புறம்... பிஸ்கட்டை எல்லாம் எண்ணி எழுதுற மனுஷன், இதை டாக்டர்கிட்ட பேசாமயா இருப்பாருன்னு நெனச்சேன்."

"டாக்டர் கேட்டாரு" என்றார் அவர்.

"எப்போ?"

"மாத்திரை எழுதிக் கொடுத்த அன்னிக்கே."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மதியம் டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "இந்த நோட்டு மட்டும் இல்லன்னா இது பிடிபட்டிருக்காது சார்" என்றார். இதுதான் ஒரே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரிய காரணம், அந்த ஐந்து நாளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அவருக்குப் பாராட்டைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"நீங்க முன்னமே ஒரு தடவை கேட்டீங்க டாக்டர்."

"அப்படியா?" டாக்டர் கம்ப்யூட்டரில் பழைய பக்கங்களைத் தள்ளிப் பார்த்தார். "ஆமா, இருக்கு. மாதவிடாய் சீர். தகவல் சொன்னவர், தந்தை."

இருபத்திரண்டு வருடத்தில் பார்க்காத எதையும் பார்த்ததாக அவர் எந்த நோட்டிலும் எழுதியதில்லை. ஒரே ஒரு தடவை, வேறொருவர் எழுத, தான் பார்க்காததை அவர் சொன்னார். அது அங்கே அப்படியே இருந்தது. மனைவி அந்த வரியைப் பார்த்துவிட்டு, மகளின் தலைமுடியில் ஒட்டியிருந்த பசையை ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

மாத்திரை வேலை செய்தது. முதல் மாதம் ஒன்றே ஒன்று. இரண்டாம் மாதம் எதுவும் இல்லை. மூன்றாம் மாதம் ஒன்று, அதுவும் நாற்பது விநாடி. இப்போதெல்லாம் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது, "இன்னும் நாலு நாள்ல வரும், இன்னிக்கே மாத்திரையை ஆரம்பிச்சிடுங்க" என்று பச்சையாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். அவரும் சரி என்கிறார். அவ்வளவுதான் விஷயம். இதைப் பேசுவதற்குத்தான் பதினைந்து மாதம் ஆயிற்று.

திருப்பிக் கொடுப்பதுதான் முடியவில்லை.

ஒரு சாயங்காலம் டி.வி.யைப் போட்டு, "பாரும்மா, இனி பாக்கலாம்" என்றார். அவள் வந்து அணைத்துவிட்டு, "கெட்டது" என்றாள். பால் டம்ளரை மேஜையில் வைத்தால், அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சிங்கில் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர்தான் மெல்ல மெல்ல ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்தில் பால் கெட்டது என்று யாரும் சொன்னதில்லை அல்லவா. அங்கே குடிக்கிறாள். வீட்டில் இல்லை. ஊஞ்சலுக்குக் கூட்டிப்போனார். இதற்குள் வளர்ந்துவிட்டாள், சங்கிலிக்கு நடுவில் இடுப்பு நுழையவில்லை.

"லிஃப்டுக்கு என்ன செய்யலாம் டீச்சர்?" என்று கேட்டார்.

"மத்ததுக்கெல்லாம் கெட்டதுன்னு மட்டும் சொன்னீங்க. இதுக்குக் காரணமும் சொல்லியிருக்கீங்க. போனா வலிப்பு வரும்னு. அதுக்கு ஏத்த மாதிரி அவளுக்கு உள்ள வந்தும் இருக்கு. அழிக்கிறது கஷ்டம் அண்ணே. அவசரப்படாதீங்க."

அவர் அவசரப்பட்டார். வலிப்பு இல்லாத மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மகளைப் பதினோரு மாடிக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். கீழ்த்தளத்தில் இரும்புக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "வா, ஒண்ணும் ஆகாது" என்றார். அவள் இரண்டடி தள்ளி நின்றாள். தானே ஏறிக் காட்டினால் நம்புவாள் என்று நினைத்து உள்ளே கால் வைத்தார். அவ்வளவுதான். அவள் பாய்ந்து வந்து அவர் இடுப்புவாரைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவள் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அவரைத் தரையில் உட்காரவைத்தாள். ஒருக்களித்துப் படுக்கவைக்க அவர் தோளைப் பிடித்து அழுத்தினாள். துண்டு இல்லாததால் தன் கையையே மடித்து அவர் தலைக்கடியில் வைத்தாள்.

"அப்பா வேண்டாம்" என்றாள். "லிஃப்ட்ல போனா அப்பாவுக்கு வரும்."

அவர் அப்படியே கொஞ்ச நேரம் அந்தக் குளிர்ந்த தரையில் படுத்திருந்தார். தான் தினமும் எங்கே வேலைக்குப் போகிறோம் என்பது அவளுக்குத் தெரியும் என்று அவர் யோசித்ததே இல்லை.

மறுநாள் காலையில் அவருடைய சேஃப்டி ஷூவைக் காணோம். மனைவி வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். அடுத்த நாள் அரிசி டப்பாவுக்குள் இருந்தது. மூன்றாம் நாள் எங்கே தேடியும் கிடைக்காமல் செருப்போடு போனார்.

"என்ன மாப்ளே, லிஃப்ட் வேலைக்கா, கோயிலுக்கா?" என்றார் போர்மேன். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "படியில ஏறிப் போறேன்னு அதுகிட்ட சொல்லிடுப்பா. பிள்ளை நிம்மதியா இருக்கும்."

அன்று சாயங்காலம் மகளை உட்காரவைத்துச் சொன்னார். "அப்பா இனி லிஃப்ட்ல போக மாட்டேன். படியிலதான் போவேன்."

"படி" என்றாள் அவள்.

மறுநாள் காலை ஷூ வாசலில் ஜோடியாக இருந்தது.

சொன்ன சொல்லுக்காக மோட்டார் அறைக்குப் படியிலேயே ஏறுகிறார். பதினோரு மாடி, கையில் ஸ்பானர் பை, நாற்பத்தெட்டு வயது முழங்கால். லிஃப்டுக்காகக் காத்து நிற்பவர்கள், மெக்கானிக்கே படியில் போகிறார், நாமும் போய்விடலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் வேலை முடிந்ததும் லிஃப்டில் ஏறி ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது. ஏறித்தான் ஆக வேண்டும். ஏறுகிறார். கதவை மூடிக்கொண்டு சுவரில் காதை வைத்துக் கேட்கிறார். ஆறாவது மாடியைத் தாண்டும்போது ஏதாவது இருக்குமோ என்று சந்தேகம் வருகிறது. அவர் காதுக்கு ஒன்றும் பிடிபடுவதில்லை.

சாயங்காலம் கதவைத் தட்டினால் அவள்தான் திறக்கிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை. ஷூவைப் பார்த்துக்கொண்டு கேட்கிறாள்.

"படி?"

"படிதாம்மா."

அவள் தாழ்ப்பாளைப் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போகிறாள். அவர் உட்கார்ந்து ஷூக் கயிற்றை அவிழ்க்கிறார். மனைவி சமையலறையிலிருந்து தாழ்ந்த குரலில் கேட்கிறாள்.

"இன்னிக்கு ஏறுனீங்களா?"

"மூணு தடவை."

"அவகிட்ட?"

"படின்னுதான் சொன்னேன்."

மனைவி தட்டை எடுத்து வைக்கிறாள். உள்ளே அறையில் ஒவ்வொரு சுவிட்சாக மகள் தொட்டுக்கொண்டு வருகிற சத்தம் கேட்கிறது.

"நாளைக்கும் கேப்பா" என்கிறாள் மனைவி.

"தெரியும்" என்கிறார் அவர்.